சம்பந்தி வீட்டுக்குப் பூனை இல்லை

துணி ஆலையில் தரம் பார்க்கும் பிரிவிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அந்த அம்மாள் ஏற்றுக்கொண்ட வேலைக்குச் சம்பளம் கிடையாது. ஆனால் வேலை என்னவோ அதேதான். ஆலையில், விளக்கு வைத்த மேசையின் மேல் ஓடுகிற துணியில் இழை அறுந்த இடத்தையும் எண்ணெய்க் கறையையும் கண்டுபிடித்து அடையாளம் வைப்பார். இப்போது பிராணிகள் காப்பகத்துக்காக, நாயோ பூனையோ வளர்க்கக் கேட்கிறவர்களின் வீட்டுக்குப் போய் அங்கே குறை இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. எல்லா வீட்டிலும் இருந்தது.

காப்பகத்தில் அவரை இன்ஸ்பெக்டரம்மா என்று கூப்பிட்டார்கள். முதலில் முதுகுக்குப் பின்னால்தான் கூப்பிட்டார்கள். பிறகு முகத்துக்கு நேராகவே கூப்பிட்டார்கள். கடைசியில் அவரே தொலைபேசியை எடுத்து "இன்ஸ்பெக்டரம்மா பேசறேன்" என்று சொல்ல ஆரம்பித்ததும், அதிலிருந்த கேலி செத்துப்போய் அது வெறும் பெயராகிவிட்டது.

காப்பகம் ஒரு பழைய அச்சகக் கட்டடத்தில் இருந்தது. முன்பக்கம் நாய்கள், பின்பக்கம் பூனைகள், நடுவில் மிருக டாக்டரின் அறை. டாக்டர் பிராணிகளிடம் பொறுமையாகவும் மனிதர்களிடம் அவசரமாகவும் பேசுகிற பெண். இன்ஸ்பெக்டரம்மா ஒவ்வொரு முறை "சரியில்லை" என்று வந்து சொல்லும்போதும் அவர் பல்லைக் கடித்துக்கொள்வார். ஒரு வீட்டில் பால்கனிக்கு வலை இல்லை. ஒரு வீட்டில் பையன் பொம்மை நாயைக் காதைப் பிடித்துத் தூக்கினான். "பொம்மைதானேம்மா" என்றார் அவன் அப்பா. "பழகிக்கிட்டிருக்கான்" என்றார் இன்ஸ்பெக்டரம்மா. இன்னொரு வீட்டில் எல்லாமே சரியாக இருந்தது. அதனாலேயே சந்தேகம் வந்து, சொல்லாமல் கொள்ளாமல் மறுபடியும் ஒரு முறை போய்ப் பார்த்தார். முதல் தடவை பூட்டியிருந்த பின்கட்டில் அந்த முறை ஒரு கோழிக்கூண்டும் அதற்குள் ஒரு முயலும் கிடைத்தன.

டாக்டர் ஏன் பொறுத்துக்கொண்டார் என்றால், இன்ஸ்பெக்டரம்மா சரி என்று சொன்ன வீட்டிலிருந்து இதுவரை ஒரு பிராணிகூடத் திரும்பி வந்ததில்லை. இல்லை என்று சொல்வதற்கும் அவர் ஒரு வாக்கியம் வைத்திருந்தார். மறுநாள் காலையில் தொலைபேசியில் சொல்லுவார்: "உங்க வீடு நல்ல வீடுங்க. ஆனா இதுக்கு ஒத்து வராது." அதற்கு மேல் ஒரு சொல் சேர்க்க மாட்டார். சேர்த்தால் சண்டை வரும்.

இன்ஸ்பெக்டரம்மாவுக்கு ஒரே மகள். கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். நீச்சல் சொல்லிக்கொடுக்கிற ஒரு பையன், தண்ணீருக்கடியில் தெளிவாகத் தெரிகிற மாதிரி கண்ணாடி கிடைக்குமா என்று விசாரிக்க அந்தக் கடைக்கு வந்தான். கிடைக்கும் என்று தெரிந்த பிறகும் வந்துகொண்டிருந்தான். இரண்டு குடும்பமும் ஒரு ஓட்டலில் சந்தித்தார்கள். இந்தப் பக்கம் சிரித்தார்கள், அந்தப் பக்கமும் சிரித்தார்கள், கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. கல்யாணத்துக்குப் பிறகு மகள் பையன் வீட்டு மாடியில் இருப்பாள் என்று முடிவானது.

பையனின் அப்பா மருந்துக் கடை வைத்திருந்தார். அதிகம் பேசாத மனிதர். கேட்டதை எடுத்துக் கொடுத்தே பழகியவர். அம்மா பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸாக இருந்து, தலைமை நர்ஸாக ஓய்வு பெற்றவர். ஓட்டலில் உட்காரும் முன் நாற்காலியைத் துடைத்தார். உட்கார்ந்த பிறகு மேசையைத் துடைத்தார். பரிமாற வந்தவரையும் துடைத்துவிடுவாரோ என்று இன்ஸ்பெக்டரம்மாவின் கணவருக்கு ஒரு கணம் தோன்றியதாம். வீட்டுக்கு வந்து சொன்னார்.

ஒரு நாள் டாக்டர் கூப்பிட்டு, "மேனேஜருக்கு ஒரு வீடு வந்திருக்கு" என்றார்.

மேனேஜர் என்பது கிழட்டு ஆண் பூனை. சாம்பல் நிறம், ஒரு காது பாதிதான் இருக்கும். மூடிப்போன ஒரு மேசை நாற்காலிக் கடைக்குள், விற்காமல் கிடந்த ஒரு சோபாவில் உட்கார்ந்திருந்ததைக் காப்பகத்து ஆட்கள் தூக்கி வந்திருந்தார்கள். யார் அறைக்குள் வந்தாலும், நேரம் கழித்து வந்தவரைப் பார்ப்பது போலப் பார்க்கும். குட்டிகளை எல்லாம் ஆளாளுக்கு அள்ளிக்கொண்டு போனார்கள். இதைக் கேட்டு இதுவரை யாரும் வரவில்லை.

"யாரு கேட்டது?" என்றார் இன்ஸ்பெக்டரம்மா.

"ஒரு மருந்துக் கடைக்காரர். உங்க சம்பந்தின்னு சொன்னார்."

இன்ஸ்பெக்டரம்மா கைப்பையைக் கீழே வைத்தார். "வேற யாரையாவது அனுப்புங்க டாக்டர். நான் போறது முறையில்லை."

"வேற யாரு இருக்கா? வீடு பாக்கற வேலைக்குன்னு வந்தவங்க எல்லாரையும் நீங்கதானே சரியில்லைன்னு அனுப்பிட்டீங்க?"

அது உண்மைதான். இன்ஸ்பெக்டரம்மா கைப்பையை மறுபடி எடுத்துக்கொண்டார்.

சம்பந்தி வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினார். கழற்றிய செருப்பை சம்பந்தியம்மா எடுத்து, இரண்டும் ஒரே திசையைப் பார்க்கும்படி வைத்தார். உள்ளே தரை அப்படிப் பளபளத்தது. குனிந்தால் தன் கழுத்தின் அடிப்பக்கம் தெரிந்தது. சோபாவுக்குக் கண்ணாடி போன்ற உறை. மேசைக்கு உறை. தொலைக்காட்சியை இயக்கும் கருவிக்கும் அளவெடுத்துத் தைத்தது போல ஒரு உறை. மருந்துக் கடைக்காரச் சம்பந்தி ஒரு ஓரமாக நின்றார். அவர் எங்கே நின்றாலும் அந்த இடம் ஓரமாகிவிடும் போலிருந்தது.

"வாங்க சம்பந்தி, உக்காருங்க. வீட்டைச் சுத்திப் பாருங்க. இது உங்க வீடு மாதிரி" என்றார் சம்பந்தியம்மா.

இன்ஸ்பெக்டரம்மா பார்த்தார். ஜன்னல்களுக்குக் கம்பி வலை இருந்தது. கொசுவுக்காகப் போட்டதாம்; பூனைக்கும் ஆகும். சமையலறையில் மருந்துகள் எல்லாம் எட்டாத உயரத்தில் இருந்தன. மனதுக்குள் ஒவ்வொன்றாகச் சரி போட்டுக்கொண்டு வந்தார். அப்படியே நல்லபடியாக முடிந்துவிடும் என்றுகூட ஒரு நப்பாசை வந்தது.

"பூனை ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் தனியா இருக்கும்?"

"தனியாவே இருக்காது. நான் வீட்டுலதான் இருக்கேன்."

"சோபாவுல ஏறினா?"

"ஏறாது."

"ஏறினா?"

"ஏறக் கூடாதுன்னு சொல்லிடுவேன் சம்பந்தி."

இன்ஸ்பெக்டரம்மா சம்பந்தியைப் பார்த்தார். சம்பந்தி சோபாவைப் பார்த்தார். அதன் மேல் அவரே ஏறி நாளாகியிருக்கும் என்று அந்தப் பார்வையில் தெரிந்தது.

"புது இடத்துக்கு வந்தா பூனைக்கு முதல்ல ஒளிஞ்சுக்க ஒரு இடம் வேணும். கட்டிலுக்கு அடியில, பீரோவுக்குப் பின்னால, எங்கேயாவது. அப்படி எங்க இருக்கு?"

"ஒளியறதா? எதுக்கு ஒளியணும்? நாங்க என்ன அடிக்கவா போறோம்?"

கட்டிலுக்கு அடியில் தூசி போகாமலிருக்கப் பலகை வைத்து அடைத்திருந்தது. பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு தாள்கூட நுழையாது. அத்தனை பெரிய வீட்டில் ஒரு மூலைகூட இருட்டாக இல்லை. கிளம்பலாம் என்று இன்ஸ்பெக்டரம்மா எழுந்தார். முழுதாக எழுந்து நிற்பதற்குள் சம்பந்தியம்மா அவர் உட்கார்ந்திருந்த இடத்தைத் துடைத்து முடித்திருந்தார்.

ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தைச் செய்து வை என்பார்கள். சொல்லியிருக்கலாம். கல்யாண விஷயத்தில் பொய் சொல்ல அவருக்கும் ஆட்சேபணை இல்லை. மாப்பிள்ளை மெலிந்துவிட்டார் என்று ஏற்கெனவே இரண்டு தடவை சொல்லியிருந்தார். ஆனால் பூனை விஷயத்தில் அவருக்குப் பொய் வரவில்லை.

"ஒரு கிழட்டுப் பூனைதானே, குடுத்துட்டுப் போங்களேன்" என்றார் டாக்டர்.

"சரியில்லை டாக்டர்."

"அப்ப நீங்களே சொல்லிடுங்க. இந்தப் பூனைக்கு நான் மணி கட்டறதா இல்லை."

மறுநாள் காலையில் இன்ஸ்பெக்டரம்மா தொலைபேசியை எடுத்து, தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "உங்க வீடு நல்ல வீடுங்க சம்பந்தி. ஆனா இந்தப் பூனைக்கு ஒத்து வராது" என்றார்.

மறுமுனையில் சம்பந்தியம்மாவின் குரல் மிகவும் சுத்தமாகக் கேட்டது.

"எனக்குப் புரியலை. பொண்ணைக் குடுக்கறீங்க. பூனையைக் குடுக்க மாட்டீங்களா?"

இன்ஸ்பெக்டரம்மா தொலைபேசியைக் கீழே வைத்தார்.

அவருடைய கணவர் நாற்காலியில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். லிஃப்ட் பழுது பார்த்தே காலம் தள்ளி, ஓய்வு பெற்றவர். நடப்பது எதுவானாலும் மேலே போகும், பிறகு கீழே வரும் என்பது அவர் எண்ணம்.

"சம்பந்தி வீட்டுக்கே இல்லைன்னுட்டியா?" என்றார்.

"ஆமா."

"நல்லவேளை, பத்திரிகை இன்னும் அச்சுக்குப் போகலை" என்று சொல்லிவிட்டுத் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார்.

மகள் அன்று கடையிலிருந்து சீக்கிரமே வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"நீ என்னம்மா நினைச்சுக்கிட்டிருக்கே? அவங்க வீட்டுல ஒரு பூனை இருக்க முடியாதா?"

"முடியாது."

"நான் இருக்கலாமா?"

"இருக்கலாம்."

"பூனைக்காக அந்த வீட்டு ஜன்னல், கட்டில், பீரோ எல்லாம் பாத்தே. எனக்காக ஒரு தடவை போய்ப் பாத்தியா?"

பார்க்கவில்லை. ஓட்டலில் சிரித்ததோடு சரி. ஆனாலும் இன்ஸ்பெக்டரம்மா விட்டுக்கொடுக்கவில்லை.

"உனக்குப் பிடிக்கலைன்னா பஸ் ஏறி வந்துடுவே. பூனைக்கு பஸ் நம்பர் தெரியாதுடி."

மகள் அம்மாவையே பார்த்தாள். சிரிப்பதா அழுவதா என்று அவளால் முடிவு பண்ண முடியவில்லை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அதற்கடுத்த நாள் சம்பந்தியம்மா தானாகவே கூப்பிட்டார். "ஞாயித்துக்கிழமை வீட்டுல இருப்பீங்களா? நான் உங்க வீட்டைப் பாக்க வரணும்."

"தாராளமா வாங்க, சாப்பிடவே வாங்க—"

"சாப்பிட இல்லை. என் பையன் உங்க வீட்டுக்கு மாப்பிள்ளையா வரப் போறான். வந்து தங்குவான். அவனுக்கு ஒத்து வர்ற வீடான்னு நான் பாக்கணுமா இல்லையா?"

ஞாயிற்றுக்கிழமை வந்தார். கையில் ஒரு பை. அதிலிருந்து வெள்ளைத் துணி ஒன்றை எடுத்து, கதவின் மேல்விளிம்பில் ஓட்டிப் பார்த்தார். துணியின் நிறத்தை இன்ஸ்பெக்டரம்மாவுக்குக் காட்டினார்.  இன்ஸ்பெக்டரம்மா அவர் பின்னாலேயே நடந்தார். எத்தனையோ வீட்டுக்காரர்கள் தன் பின்னால் கையைப் பிசைந்துகொண்டு நடந்ததை அவர் பார்த்ததுண்டு. அந்த நடை எப்படி வருகிறது என்று இப்போதுதான் தெரிந்தது. அதுவாக வருகிறது.

"மாப்பிள்ளை வந்தா எங்க படுப்பார்?"

"ஹால்ல, இந்த சோபாவை விரிச்சா கட்டிலாயிடும்."

சம்பந்தியம்மா சோபாவை விரிக்கப் பார்த்தார். பாதியில் நின்றுவிட்டது. இன்ஸ்பெக்டரம்மாவின் கணவர் எழுந்து வந்து முழங்காலால் ஒரு இடத்தில் முட்டினார். அது திறந்தது. "ரொம்ப நாளா யாரும் திறக்கலை" என்றார்.

பிறகு ஃப்ரிட்ஜைத் திறந்தார்கள். உள்ளே மூடி போட்ட டப்பாக்கள் அடுக்காக இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் கிழமை எழுதியிருந்தது.

"இது என்ன?"

"இவருக்குச் சாப்பாடு. நான் ஒரே நாள்ல செஞ்சு வைச்சுடுவேன். இவர் சூடு பண்ணிச் சாப்பிட்டுக்குவார்."

"நீங்க?"

"நான் காப்பகத்துல ஏதாவது சாப்பிட்டுடுவேன்."

"பொண்ணு?"

"கடையில."

சம்பந்தியம்மா ஃப்ரிட்ஜை மூடினார். ஹாலுக்கு வந்து, அந்த வீட்டுக்காரருக்கு எதிரே உட்கார்ந்தார். நாற்காலியைத் துடைக்கவில்லை. ஒரு நோயாளியிடம் கேட்பது போலக் கேட்டார்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் தனியா இருக்கும்னு என்கிட்ட கேட்டாங்க. நானும் கேக்கறேன்."

"பூனையா?"

"நீங்க."

அவர் யோசித்தார். ஒரு லிஃப்ட் எவ்வளவு எடை தாங்கும் என்று யாரோ கேட்டது போல, கவனமாகத்தான் யோசித்தார். "காலையில இவ போனதிலிருந்து சாயங்காலம் வர்ற வரைக்கும். வந்தப்புறமும் கொஞ்ச நேரம் போன்ல இருப்பா. அதையும் சேக்கணுமா?"

"சேத்துக்கலாம்."

"அப்ப ஏறக்குறைய முழு நாளும்."

"பேசறதுக்கு, விளையாடறதுக்கு?"

"டி.வி. இருக்கு."

"ஒளிஞ்சுக்க இடம்?"

"அது தேவைப்படலைங்க" என்றார் அவர். "யாரும் தேடறதில்லை."

குறையாகச் சொல்லவில்லை. கேட்டார்கள், சொன்னார், அவ்வளவுதான்.  சமையலறையில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அது சொட்டுகிறது என்பதையே இன்ஸ்பெக்டரம்மா அன்றுதான் கவனித்தார். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். முதுகென்ன, அவருக்குத் தன் வீட்டு ஹாலே தெரிந்திருக்கவில்லை.

சம்பந்தியம்மாவுக்கு வந்த கோபம் போன இடம் தெரியவில்லை. பையிலிருந்த துணியை எடுத்து மடித்தார். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தார்.

"சம்பந்தி, ஒண்ணு சொல்றேன், தப்பா நினைக்காதீங்க. எனக்குப் பூனையே ஆகாது."

"என்னது?"

"அந்த முடி, அந்த நகம், அது பாக்கற பார்வை, எதுவுமே ஆகாது."

"அப்புறம் எதுக்குங்க கேட்டீங்க?"

"நீங்க பூனை பூனைன்னு உயிரை விடறவங்க. ஒரு பூனையை வீட்டுல வைச்சா உங்களுக்கு எங்க மேல ஒரு பிரியம் வரும், உங்க பொண்ணுக்கும் பிறந்த வீடு மாதிரி இருக்கும்னு எங்க வீட்டுக்காரர் சொன்னார். அவர் வாயைத் திறக்கறதே அபூர்வம். திறந்து சொன்னாரேன்னு ஒத்துக்கிட்டேன். நீங்க இல்லைன்னு சொன்ன அன்னிக்கு எனக்கு அப்பாடான்னு இருந்தது. கோவம் அடுத்த நாள் காலையிலதான் வந்தது."

"எங்க வீட்டுல பூனையே கிடையாதுங்களே."

"அதான் நானும் வந்ததிலிருந்து பாக்கறேன்" என்றார் சம்பந்தியம்மா. "ஏன் கிடையாது?"

இன்ஸ்பெக்டரம்மாவுக்குப் பதில் தெரியும். ஆலையை விட்டு வந்த முதல் வாரம், இந்த ஹாலில் எதிரும் புதிருமாக இரண்டு நாற்காலி, நடுவில் டி.வி. பேச ஒரு விஷயமும் அகப்படவில்லை. வெளியே போக ஒரு காரணம் தேவைப்பட்டது. பூனை வீட்டுக்கே வந்துவிட்டால் அப்புறம் வெளியே போவது எப்படி? ஆனால் இதைக் கணவரை எதிரே வைத்துக்கொண்டு சொல்ல முடியாது. "இந்த வீடு சரிப்படாது" என்று மட்டும் சொன்னார்.

சம்பந்தியம்மா காபி குடித்துவிட்டு, டம்ளரை அவரே கழுவி வைத்துவிட்டுப் போனார். வாசல்படியில் நின்று, "பையனை அனுப்பறேன். கிழமை எழுதின டப்பாவை மட்டும் அவனுக்கு வைக்காதீங்க" என்றார். கல்யாணம் நின்றுவிடவில்லை என்று அதற்கு அர்த்தம்.

மறுநாள் இன்ஸ்பெக்டரம்மா காப்பகத்திலிருந்து மத்தியானமே வீட்டுக்கு வந்தார். கதவைத் திறந்த கணவர், "என்ன, உடம்பு சரியில்லையா?" என்றார்.

"நல்லாத்தான் இருக்கேன். சாப்பிட வந்தேன்."

"திங்கக்கிழமை டப்பாவுல ஒருத்தருக்குத்தான் இருக்கு."

"செவ்வாயையும் எடுங்க."

இருவரும் மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். எதைப் பேசுவது என்று இருவருக்குமே தெரியவில்லை. உப்பு சரியாக இருக்கிறதா என்று அவர் கேட்டார். இருக்கிறது என்றார் கணவர். அணைத்து வைத்திருந்த டி.வி.யை இருவரும் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். பெரிய வெற்றி என்று சொல்ல முடியாது. இருந்தாலும் அதற்கடுத்த நாளும் மத்தியானம் வந்தார். புதன்கிழமை டப்பாவும் வியாழக்கிழமை டப்பாவும் காலியாயின.

கல்யாணம் பதிவாளர் அலுவலகத்தில் நடந்தது. சம்பந்தியம்மா சாட்சிக் கையெழுத்துப் போடும் முன் பேனாவைத் துடைத்தார். மகள் மாமியார் வீட்டு மாடிக்குப் போனாள். போன முதல் வாரத்திலேயே தொலைபேசியில், "அம்மா, அத்தை என்கிட்ட ஒரு சாவி குடுத்தாங்க. 'மாடி ரூம் உன்னோடது. உள்ள என்ன கிடந்தாலும் நான் துடைக்க வர மாட்டேன்'னு சொல்லிட்டாங்க" என்றாள்.

"வர்றாங்களா?"

"வாசல் வரைக்கும் வர்றாங்க. நிக்கறாங்க. பெருமூச்சு விட்டுட்டுக் கீழ போயிடறாங்க."

இன்ஸ்பெக்டரம்மாவுக்கு அன்றுதான் சம்பந்தியம்மாவின் மேல் உண்மையான மரியாதை வந்தது.

கொஞ்ச நாளில், காப்பகத்தில் நாய்க்கூண்டுகளின் பக்கம் அவர் நின்றுகொண்டிருந்தபோது டாக்டர் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார்.

"உங்க வீட்டுக்காரர் வந்திருக்கார்."

"இங்கேயா? எதுக்கு?"

"பூனை கேட்டு."

கணவர் பூனை அறையில் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். எதிரே மேனேஜர். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருவர் முகத்திலும் எந்த அவசரமும் இல்லை.

"என்கிட்ட சொல்லவே இல்லையே" என்றார் இன்ஸ்பெக்டரம்மா.

"உன்கிட்ட சொன்னா இல்லைன்னு சொல்லுவே."

சொல்லியிருப்பார்தான். இப்போதும் வாயில் வந்து நின்றது. சமையலறை ஜன்னலுக்கு வலை இல்லை. பின்கதவு சரியாகச் சாத்துவதில்லை. வயதான ஆள், வயதான பூனை. யாருக்கு முதலில் முடியாமல் போனாலும் சிக்கல். பழக்க தோஷம், ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தது. கணவரோ எதுவும் கெஞ்சவில்லை, வாதாடவில்லை. வெள்ளைக் காகிதம் போன்ற முகத்தோடு காத்திருந்தார். பூனையும் காத்திருந்தது.

"வீட்டைப் பாக்காம குடுக்க முடியாது டாக்டர்" என்றார் இன்ஸ்பெக்டரம்மா கடைசியில். "நானே என் வீட்டைப் பாத்துக்கறதும் முறையில்லை."

"தெரியும். அதுக்கு ஆள் போட்டாச்சு" என்றார் டாக்டர். "நாளைக்கு வர்றாங்க. அவங்க இல்லைன்னா இல்லைதான்."

வந்தது சம்பந்தியம்மா. இந்த முறை கையுறையும் போட்டுக்கொண்டு வந்திருந்தார். டாக்டர் கேட்டுக்கொண்டாராம், பூனையைத் தொட வேண்டியதில்லை, வீட்டை மட்டும் பார்த்தால் போதும் என்றாராம். சமையலறை ஜன்னலில் நின்று, "வலை போடணும்" என்றார். பின்கதவை இழுத்துப் பார்த்து, "தாழ்ப்பாள் மாத்தணும்" என்றார். ஃப்ரிட்ஜைத் திறந்தார். டப்பாக்கள் இருந்தன, முன்பைவிடக் குறைவாக இருந்தன. ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, நிமிர்ந்து ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டார்.

"இங்க எத்தனை வருஷத்துத் தூசி இருக்கு சம்பந்தி?"

"துடைச்சுடறேங்க."

"வேண்டாம், அப்படியே இருக்கட்டும். ஒளிஞ்சுக்க நல்ல இடம்." அதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பது கையுறைக்குள் விரல்கள் மடங்கியதில் தெரிந்தது. "பூனைக்கு இந்த வீடு போதும்."

"மத்தபடி?"

"மத்தது நான் பாக்கற வேலை இல்லை" என்றார் சம்பந்தியம்மா.

வலையும் தாழ்ப்பாளும் போட்டு முடித்த பிறகு மேனேஜர் வந்தது. கூடையைத் திறந்ததும் வீட்டை ஒரு முறை சுற்றிப் பார்த்தது. நேராகச் சமையலறைக்குப் போய் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் நுழைந்துகொண்டது. மத்தியானமாயிற்று, வரவில்லை. மூன்று மணிக்கும் வரவில்லை. கணவர் சமையலறைத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, சந்துக்குள் ஏதோ பேசிக்கொண்டிருந்தார். இன்ஸ்பெக்டரம்மா வாசல்படியில் நின்று கேட்டார்.

"...மேல தொட்டியில தண்ணி ரொம்பினா ஒரு சத்தம் வரும். பயப்படாதே. பக்கத்து வீட்டுக்காரர் இருமுவார். அதுக்கும் பயப்பட வேண்டாம். பழகிடும்."

"யார்கிட்ட பேசறீங்க?"

"லிஃப்ட்டுக்குள்ள யாராவது மாட்டிக்கிட்டா, வெளிய இருந்து பேசிக்கிட்டே இருக்கணும். வேலையை ஒருத்தன் பாப்பான், இன்னொருத்தன் பேசணும். எங்க ஆளுங்கள்ல எப்பவும் நான்தான் பேசுவேன்."

டி.வி.யைத் தவிர எதனிடமும் பேசாத மனிதர் என்றே இத்தனை காலமும் அவரைப் பற்றி நினைத்திருந்தார் இன்ஸ்பெக்டரம்மா. முந்தானையைச் செருகிக்கொண்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். உட்காரக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

"என்ன பேசுவீங்க?"

"என்ன வேணா. உள்ள இருக்கறவங்களுக்கு விஷயம் முக்கியமில்லை. சத்தம் போதும். ஒரு அம்மா உள்ள அழுதுக்கிட்டே இருந்தாங்க. காலையில என்ன சாப்பிட்டீங்கன்னு கேட்டேன். கதவு திறக்கற வரைக்கும் அதைப் பத்தியே சொல்லிக்கிட்டிருந்தாங்க."

"இதெல்லாம் என்கிட்ட சொன்னதே இல்லையே."

"நீ மாட்டிக்கிட்டதில்லையே" என்றார் அவர்.

இன்ஸ்பெக்டரம்மா சுவரில் சாய்ந்துகொண்டார். ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் எதுவோ அசைந்து, திரும்பிப் படுத்த சத்தம் கேட்டது.

"சரி, அந்த அம்மா என்ன சாப்பிட்டிருந்தாங்களாம்?" என்று கேட்டார்.

அவர் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.